இசைவு கேட்கப்படாத காவலர்கள்: காப்பகங்களில் ஒன்றிய அதிகாரமும் ஊரார் உரிமையும்

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகே, அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் உள்ள 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏழு குன்றுகள், அவற்றின் சரிவில் ஊறும் சுனைகள், பாண்டியர் காலத்துக் கண்மாய், குடைவரைக் கோயில், சமணர் படுக்கைகள், அரிய வல்லூறுகள் என இயற்கையும் வரலாறும் ஒன்றாகக் கிடக்கும் இடம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் ஏறத்தாழ 2,015 ஹெக்டேர் நிலத்தை ஏலம் விட்டதன் முடிவை ஒன்றியச் சுரங்க அமைச்சகம் வெளியிட்டபோது, அந்த எல்லைக்குள் இந்தத் தலமும் அடங்கியிருந்தது. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து ஒன்றிய அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்த 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் கீழ் அந்த ஏலம் நடந்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. சட்டமன்றம் டிசம்பர் 9 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் ஏலம் ரத்து செய்யப்பட்டது.

முடிவு நல்லதாக அமைந்தது என்பதாலேயே இந்த நிகழ்வை மறந்துவிட முடியாது. ஒரு நிலப்பரப்பு பாதுகாக்கப்பட்டது என்று அரசிதழில் வந்த பிறகும், அதைச் சுரங்கத்துக்குக் கொடுக்கும் முன் அங்கே வாழ்பவர்களின் இசைவைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் ஏல நடைமுறையில் எங்கும் இல்லை. ஊரார் பெற்ற வெற்றி சட்டம் அவர்களுக்குக் கொடுத்த உரிமையால் கிடைக்கவில்லை. தெருவில் இறங்கிப் போராடிய வலுவால் கிடைத்தது. அத்தனை கூட்டம் சேர்க்க முடியாத மலைக்குடிகள் இதே நிலையில் என்ன செய்வார்கள்? பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளை நிர்வகிப்பதில் நாட்டின் மைய அதிகாரத்துக்கும் அங்கேயே வாழும் மக்களின் பங்குக்கும் இடையிலான சமன்பாடு எப்படி இருக்க வேண்டும் என்ற விவாதத்தை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவது பொருத்தம்.

காடுகளின் மீதான அதிகாரம் இந்தியாவில் படிப்படியாக மேல்நோக்கி நகர்ந்திருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், ஊர்ப் பொதுவாக இருந்த காடுகளில் பெரும்பகுதியை ஒதுக்குக் காடாக்கி, அதுவரை வழக்கமாக இருந்த மேய்ச்சலையும் விறகு பொறுக்குவதையும் அரசு விரும்பினால் அனுமதிக்கும் சலுகைகளாக மாற்றியது. விடுதலைக்குப் பின்னரும் காடும் காட்டுயிரும் மாநிலப் பட்டியலில் இருந்ததால், 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் தன்னிச்சையாக இயற்ற முடியவில்லை. 11 மாநிலங்களின் சட்டமன்றங்கள் தீர்மானம் அனுப்பிக் கேட்டுக்கொண்ட பிறகே அது இயற்றப்பட்டது. நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த 42ஆவது அரசமைப்புத் திருத்தம் காட்டையும் காட்டுயிர்ப் பாதுகாப்பையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1980இல் வந்த வனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற ஒன்றிய அரசின் முன் அனுமதி கட்டாயமானது. ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று 2005இல் தெரியவந்த அதிர்ச்சிக்குப் பிறகு, 2006இல் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் சட்டபூர்வ அமைப்பாக உருவானது.

இந்த மேல்நோக்கிய நகர்வு முழுவதையும் தவறு என்று சொல்ல முடியாது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டுவதில் மாநில மின் வாரியமும் மாநில அரசும் உறுதியாக இருந்தன. எழுத்தாளர்களும் அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எழுப்பிய எதிர்ப்புக்குச் செவிசாய்த்து தில்லி தலையிட்டதால்தான் அந்தக் காடு 1984இல் தேசியப் பூங்காவாயிற்று. முதுமலை, பந்திப்பூர், வயநாடு ஆகிய மூன்றும் மூன்று மாநிலங்களில் இருந்தாலும் அவற்றில் நடமாடும் யானைக்கூட்டம் ஒன்றே; ஒரு மாநிலம் தன் பக்கத்து வழித்தடத்தை அடைத்துவிட்டால் மற்ற இரண்டின் உழைப்பும் வீணாகும். வேட்டைக் கும்பல்களின் வணிக வலை நாட்டின் எல்லைகளையே தாண்டிச் செல்லும்போது, அதைத் தடுக்கும் பொறுப்பை ஒரு மலைக்கிராமத்தின் தலையில் சுமத்துவதும் நியாயமாகாது. எதைச் செய்யவே கூடாது என்ற அடிப்படை வரம்பை நாடு முழுவதற்கும் ஒன்றாக வகுக்க மைய அதிகாரம் தேவை.

சிக்கல் அந்த அதிகாரம் எங்கே கடுமை காட்டுகிறது, எங்கே நெகிழ்கிறது என்பதில் இருக்கிறது. சரணாலயத்துக்குள் நெல்லிக்காய் பொறுக்குவதும் ஆடு மேய்ப்பதும் பல இடங்களில் குற்றமாகிவிடுகின்றன. அதே சரணாலயத்தின் ஊடாகச் சாலையோ மின்தடமோ போக வேண்டுமென்றால், அதற்கான கோப்பு தேசியக் காட்டுயிர் வாரியத்தின் நிலைக்குழுவுக்குச் சென்று, நிபந்தனைகளோடு அனுமதியாகத் திரும்புவது வழக்கமான நடைமுறையாக இருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டை ஊரார் முடிவு செய்யவும், மீள முடியாத பெரும் மாற்றங்களை மையம் தடுக்கவும் வேண்டும் என்பதே இயல்பான ஏற்பாடு. நம்மிடம் உள்ள ஏற்பாடு பெரிதும் தலைகீழாக அமைந்திருக்கிறது என்பதே என் கருத்து.

இதைச் சரிசெய்யும் வாய்ப்பு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இருந்தது, இன்றும் இருக்கிறது. தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள் உட்பட எல்லா வனநிலத்துக்கும் பொருந்தும் அச்சட்டம், தலைமுறைகளாகப் பயன்படுத்திவந்த சமூகக் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. மக்களை இடம்பெயர்த்தாக வேண்டிய காட்டுயிர் வாழிடங்களுக்கும் அது ஒரு வழிமுறையை வகுத்திருக்கிறது: முதலில் உரிமைகள் அனைத்தும் பதிவாகியிருக்க வேண்டும், மக்கள் இருப்பதால் மீளாத சேதம் ஏற்படும் என்பதும், சேர்ந்து வாழ வேறு வழியே இல்லை என்பதும் நிறுவப்பட வேண்டும், கிராம சபை விவரமறிந்து, வற்புறுத்தலின்றி எழுத்துமூலம் இசைய வேண்டும், குடியேறப் போகும் இடத்தில் வசதிகள் ஆயத்தமாகியிருக்க வேண்டும். இவ்வாறு காலியான நிலத்தைப் பிற்காலத்தில் வேறெந்தப் பயனுக்கும் மாற்றக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஊராரின் மறுக்கும் உரிமையையும் நாட்டின் மீறமுடியாத வரம்பையும் ஒரே பிரிவுக்குள் வைத்த இந்த வரைவு, நம் சட்டங்களில் நான் கண்டவற்றுள் மிகவும் தெளிவானது.

ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31 அன்று. அதற்கு முந்தைய சில வாரங்களில் பல மாநிலங்கள் அவசரமாகப் புலிகளின் முக்கிய வாழிடங்களை அறிவித்து முடித்தன. தமிழ்நாட்டில் முதுமலை, ஆனைமலை, களக்காடு–முண்டந்துறை ஆகிய மூன்று காப்பகங்களின் உள்வட்டங்களும், அதாவது இந்த முக்கிய வாழிடங்களும், அந்த டிசம்பரின் கடைசி வாரத்திலேயே அறிவிக்கப்பட்டன. யாருக்கு எந்த உரிமை என்று ஒரு வரிகூடப் பதிவாகும் முன்பே எல்லைகள் வரையப்பட்டுவிட்டன. போதாக்குறைக்கு, உயர் நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பட்டா வழங்கக் கூடாது என்று 2008இல் பிறந்த இடைக்கால ஆணை 2016இல் உச்ச நீதிமன்றத்தால் விலக்கப்படும் வரை நீடித்ததால், மற்ற மாநிலங்கள் இலட்சக்கணக்கில் உரிமைகளைப் பதிவு செய்துகொண்டிருந்த எட்டு ஆண்டுகள் தமிழ்நாட்டின் பழங்குடிகளுக்குக் கைநழுவிப் போயின.

அந்த ஆண்டுகளில் என்ன செய்திருக்கலாம் என்பதைச் சத்தியமங்கலம் காட்டின் மறுபக்கத்தில், கர்நாடக எல்லைக்குள் காணலாம். சாமராஜநகர் மாவட்டத்திலுள்ள பிலிகிரி ரங்கசாமி மலை 1974இல் சரணாலயமானபோது, அங்கே மாற்றிட வேளாண்மை செய்து வாழ்ந்த சோளகர்கள் நிலையான குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். காய்ந்த சருகை ஆண்டின் தொடக்கத்தில் அளவாகக் கொளுத்தும் அவர்களது வழக்கம் தடைசெய்யப்பட்டது. 2000களின் நடுவில், காட்டுயிர்ச் சட்டத்தின் புதிய திருத்தத்தைக் காட்டித் தேன், நெல்லி, பாசி சேகரித்து விற்பதும் நிறுத்தப்பட்டது. வருமானம் போனது ஒரு பக்கம் இருக்க, காட்டுக்கும் கேடு வந்தது. சருகுத் தீ நின்றபின் உண்ணிச்செடி காட்டின் அடித்தளமெங்கும் புதராக மண்டியது. நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது. தீயை நிறுத்தியதே இதற்குக் காரணம் என்று சோளகர்கள் நெடுநாளாகச் சொல்லிவந்ததை, அந்த மலையில் நீண்டகாலம் ஆய்வு செய்த சூழலியலாளர்களும் பின்னர் பெரிதும் ஒத்துக்கொண்டார்கள். காட்டைக் காப்பதற்காக விதித்த தடை, புல் மேயும் விலங்குகளின் உணவையே சுருக்கிய கதை இது.

2011 ஜனவரியில் அந்த மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றின் உள்வட்டத்தில் இந்த உரிமை ஏற்கப்பட்டது இந்தியாவில் அதுவே முதல்முறை. காப்பகத்தின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பை அது தொட்டது. அதன் பிறகு புலிகள் அழிந்துவிடவில்லை. 2010க்கும் 2014க்கும் இடையே எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானதாகவே மதிப்பீடுகள் காட்டின. உரிமை கொடுத்ததால்தான் புலி பெருகியது என்று இதிலிருந்து வாதாடுவது சரியாகாது. காவலும் இரை விலங்கும் அண்டைக் காடுகளும் அதில் பங்கு வகித்திருக்கும். உரிமை கொடுத்தால் புலி அழியும் என்று அதுவரை சொல்லப்பட்ட வாதத்துக்கு அங்கே சான்று கிடைக்கவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உரிமைப் பத்திரம் கைக்கு வந்த பிறகும் சருகுத் தீக்கு இசைவு கிடைப்பது அவர்களுக்கு எளிதாக இல்லை. நிர்வாகத் திட்டத்தை எழுதும் கை இன்னமும் துறையினுடையதாகவே இருக்கிறது.

பெரியாறு புலிகள் காப்பகத்தின் அனுபவம் வேறு வகையானது. 1996 முதல் 2004 வரை உலக வங்கியின் உதவியோடு ஏழு காப்பகங்களில் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், உருப்படியான விளைவு கண்டதாக எல்லோரும் சுட்டுவது பெரியாற்றைத்தான். குமுளிப் பகுதியில் காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்த இருபதுக்கும் மேற்பட்டோர் சரணடைந்தபோது, அவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு குழுவாக்கிச் சுற்றுலா வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அமர்த்தினார்கள். காட்டின் ஒவ்வொரு தடத்தையும், கடத்தல்காரர்கள் தங்கும் பாறை இடுக்கையும் அறிந்தவர்கள் என்பதால், சம்பளக் காவலர்கள் பல ஆண்டுகளில் பிடிக்காதவர்களை அவர்கள் பிடித்துக் கொடுத்தார்கள். மன்னான், பளியர் குடியினர் தடமறிவோராகச் சேர்ந்தார்கள். 2002 முதல் குமுளிப் பெண்கள் வசந்த சேனை என்ற பெயரில் ஊதியமின்றி நாள்தோறும் காட்டில் ரோந்து போனார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விறகுக்கும் மேய்ச்சலுக்கும் வந்துபோன தமிழ்க் குடும்பங்களின் நெருக்கடியும் ஓரளவு தணிந்தது.

பெரியாற்றின் வெற்றியைக் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆனால் அதன் அடித்தளம் எது என்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் குழுக்கள் சட்டத்தால் பிறந்தவையல்ல, துறையின் ஆணையால் பிறந்தவை. குழுவின் செயலாளர் வனத்துறை ஊழியர். கணக்கும் கையெழுத்தும் அவரிடம். நல்ல அதிகாரி இருக்கும் வரை அது கூட்டாண்மை. அவர் மாற்றலாகி, வேறு மனப்போக்குள்ளவர் வந்தால், குழு ஒரு பட்டியலாகச் சுருங்கிவிடும், அதைக் கேட்க எந்த மன்றமும் இருக்காது. பங்கேற்பு என்ற பெயரில் நாடெங்கும் உருவான கூட்டு வன நிர்வாகக் குழுக்கள் பலவற்றின் முடிவு அப்படித்தான் ஆயிற்று: திட்டப் பணம் தீர்ந்ததும் கூட்டங்கள் நின்றன.

நேபாளம் இவ்விடத்தில் ஓர் அடி முன்னே வைத்தது. சித்வன் பூங்கா 1973இல் தொடங்கி, 1975 முதல் இராணுவக் காவலில் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1993இல் சட்டத்தைத் திருத்தி, பூங்காவைச் சுற்றிப் புறவட்டம் அமைக்கவும், பூங்கா வருமானத்தில் 30 முதல் 50 விழுக்காட்டை அங்குள்ள மக்களின் மேம்பாட்டுக்குத் திருப்பவும் வகைசெய்தார்கள். ஊராரே தேர்ந்தெடுக்கும் குழுக்கள் அப்பணத்தைச் செலவிடுகின்றன. காண்டாமிருக வேட்டை ஊராரின் துணையோடு குறைந்ததில் இந்தப் பங்கீட்டுக்கும் இடமுண்டு. அங்கும் புறவட்டக் குழுவின் செயலாளர் பூங்காவின் தலைமைக் காப்பாளரே. ஆனால் பணம் சட்டத்தில் எழுதப்பட்ட விகிதத்தில் வருகிறது, எவருடைய பெருந்தன்மையையும் நம்பி வரவில்லை என்ற வேறுபாடு பெரிது.

காட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கடல் விடுபட்டுவிடும். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. இராமநாதபுரம் கரையோரப் பெண்கள் அதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே தீவுகளைச் சுற்றி மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை எடுத்து விற்றுவந்தவர்கள். 2000களில் தடை கடுமையானபோது படகும் பாசியும் பறிமுதலாயின, அபராதம் விழுந்தது. அப்பெண்கள் தங்களுக்குள் கூடி முடிவெடுத்தார்கள்: அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியுமாக மாதத்தில் 12 நாள் மட்டுமே பாசி எடுப்பது, பவளப்பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவியைத் தொடாமல் கையால் மட்டும் பறிப்பது, மீன்பிடித் தடைக்காலத்தில் கடலில் இறங்காமல் பாசி வளர விடுவது. இந்த விதிகளை அவர்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பறிக்கும் கைகளுக்குத் தெரிந்த அளவு, பாசி எத்தனை நாளில் திரும்ப வளரும் என்பது வேறு யாருக்குத் தெரியும்? என்றாலும் அந்தக் கட்டுப்பாட்டுக்குச் சட்டத்தில் இன்றுவரை உறுதியான இடமில்லை. வன உரிமைச் சட்டம் நிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடலுக்குள் வழக்க உரிமையைப் பதிவு செய்யும் வழி தெளிவாக இல்லை.

அதையொட்டிய கடலில், 2022 செப்டம்பரில், பாக் விரிகுடாவின் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அது தேசியப் பூங்காவாக இல்லாமல், உள்ளூர் மக்களோடு கலந்து அறிவிக்க வேண்டிய பாதுகாப்புக் காப்பகம் என்ற வகையில் வந்தது நல்ல தொடக்கம். வலையில் சிக்கிய கடற்பசுவை அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு ஊக்கத்தொகை கொடுப்பதும் நடக்கிறது. மீனவர் கையில் உள்ள உயிரை மீனவர் இசைவின்றி எந்தப் படகுக் காவலாலும் காக்க முடியாது என்பதைத் துறை இங்கே உணர்ந்திருக்கிறது.

ஊரார் என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம் என்பதையும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீலகிரியின் சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தை மீட்க 2010இல் தமிழ்நாடு அரசு பிறப்பித்த ஆணையை எதிர்த்தவர்களில் விடுதி உரிமையாளர்கள் முன்னணியில் இருந்தார்கள். உள்ளூர் வாழ்வாதாரம் என்ற வாதமும் அவர்களால் எடுத்து வைக்கப்பட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை உறுதிசெய்தது. அங்கே பல தலைமுறையாக வாழும் இருளர், குறும்பர் குடும்பங்களின் நிலையும், நேற்று வந்து நிலம் வாங்கி மின்வேலி போட்டவர்களின் நிலையும் ஒன்றாக முடியாது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் சிக்கல் வேறு விதம். காட்டுக்குள் பட்டி போட்டு மலை மாடுகளை வளர்க்கும் லிங்காயத்துக் குடும்பங்கள் அங்கு பழமையானவர்களே ஆனாலும் பழங்குடிப் பட்டியலில் இல்லாததால், மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் மேய்ச்சலுக்கு 2022இல் நீதிமன்றத் தடை வந்ததும், 2024இல் அந்த மலைப்பகுதி தந்தை பெரியார் சரணாலயமானதும், பட்டி மாடுகளின் எதிர்காலத்தையே கேள்விக்குள்ளாக்கின. பர்கூர் மாடு என்ற நாட்டினமே அந்தக் காட்டு மேய்ச்சலில் உருவானது. மேய்ச்சலை முற்றாக நிறுத்தினால் அதுவும் ஒரு பல்லுயிர் இழப்பே.

கிராம சபை என்ற அமைப்பும் தானாகவே தீர்வாகிவிடாது. பழங்குடிகள் மிகுந்த பகுதிகளுக்கு அரசமைப்பு தனி நிர்வாகம் வகுக்கும் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஏதும் தமிழ்நாட்டில் இல்லாததால், பழங்குடிக் குடியிருப்புகள் பலவும் சமவெளி ஊர்களோடு சேர்ந்த பெரிய ஊராட்சிகளுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. நாற்பது வீடுகள் கொண்ட மலைக்குடியிருப்பின் குரல், ஆயிரம் வாக்குள்ள ஊராட்சியின் கிராம சபையில் எடுபடாது. வன உரிமைச் சட்டம் குடியிருப்பு அளவிலேயே சபை கூட்ட இடம் தருகிறது. அந்த வழியை மாவட்ட நிர்வாகங்கள் பல இடங்களில் பயன்படுத்துவதில்லை.

இடம்பெயர்ப்பு இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் கூர்மையாக்குகிறது. புலிகள் காப்பகங்களின் உள்வட்டங்களில் இன்னும் 591 ஊர்களில் ஏறத்தாழ 64,800 குடும்பங்கள் இருப்பதாகவும், அவற்றை வெளியேற்றும் பணியை முன்னுரிமையோடு செய்ய வேண்டும் என்றும் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் மாநிலங்களுக்கு எழுதியது. எல்லோருமே வெளியேற மறுக்கிறார்கள் என்று சொல்வது உண்மையாகாது. முதுமலைக்குள் யானைக்குப் பயந்து விவசாயம் செய்துவந்த செட்டியார் குடும்பங்கள் தாமே இடமாற்றம் கேட்டு நீதிமன்றம் சென்றார்கள். குடும்பத்துக்கு 15 இலட்சம் ரூபாய் என்ற இழப்பீடு, பட்டா நிலமுள்ளவருக்கு ஒரு தொடக்கமாக இருக்கலாம். சொந்த நிலமில்லாமல் காட்டையே நம்பி வாழும் காட்டுநாயக்கருக்கு அந்தப் பணம், கைமாறி ஓரிரு ஆண்டில் தீர்ந்துவிடக் கூடியது. உரிமை பதிவாகும் முன் கேட்கப்படும் இசைவு, எதை விட்டுக்கொடுக்கிறோம் என்றே தெரியாமல் கொடுக்கப்படும் இசைவாகிவிடுகிறது.

ஆகவே முதல் வேலை உள்வட்டங்களில் சமூக வன உரிமைப் பதிவை முடிப்பது. அதற்கடுத்த வேலை கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றும், ஆனால் அதிகாரம் உண்மையில் அங்கேதான் தங்கியிருக்கிறது. ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் துறை ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதி ஆணையத்தின் ஒப்புதல் பெறுகிறது. எங்கே தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, எந்தப் புதரை அகற்றுவது, எந்தப் பாதையைச் சுற்றுலாவுக்குத் திறப்பது என்பதெல்லாம் அதில் முடிவாகின்றன. 2012இல் திருத்தப்பட்ட வன உரிமை விதிகளோ, கிராம சபையின் குழு தன் காட்டுக்கான நிர்வாகத் திட்டத்தைத் தானே வகுத்து, தேவையென்று அது கருதும் மாற்றங்களோடு துறையின் திட்டத்தில் இணைக்க வேண்டும் என்கின்றன. இரண்டு திட்டங்கள், இரண்டு அமைச்சகங்கள், ஒரே காடு. அவற்றை இணைக்கும் கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறையாவது காப்பகத்துக்குள்ளேயே, தமிழிலோ அங்கு பேசும் மொழியிலோ, நடைபெற வேண்டும். உடன்பாடு எட்டாத இடத்தில் துறை எந்தக் காரணத்தால் மறுக்கிறது என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் காரணத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஒரு மன்றம் இருக்க வேண்டும். சுரங்கம், அணை, நெடுஞ்சாலை போன்றவற்றுக்கு ஊராரின் எழுத்துமூல இசைவும் தேசிய வாரியத்தின் அனுமதியும் ஆகிய இரண்டும் சேர்ந்தே தேவைப்பட வேண்டும், இரண்டில் எது மறுத்தாலும் திட்டம் நிற்க வேண்டும். இதற்குப் புதிய தத்துவம் ஏதும் வேண்டியதில்லை. காட்டுயிர்ச் சட்டத்திலும் வன உரிமைச் சட்டத்திலும் தனித்தனியே ஏற்கெனவே எழுதியிருப்பவற்றை, மாநில அரசு ஓர் அரசாணையின் மூலம் முதுமலையிலோ சத்தியமங்கலத்திலோ தொடங்கிப் பார்க்கலாம்.